சூசையப்பர் திருநாளில் ஓடிய மெஷின்

நோபேட் வேலை முடிந்து கந்தோரால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் முன் அறையில் இருந்தான்.

"ஐறீன், இஞ்சை ஒருக்கா வாரும்."

குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். கல்யாணம் முடித்து இந்த வெள்ளவத்தை வீட்டுக்குக் குடிவந்து இரண்டு வருஷமாகிறது. அவன் இப்படிக் கூப்பிட்டால் ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"கொண்ணன்ரை விண்ணப்பம் இண்டைக்கு என்ரை மேசைக்கு வந்தது."

"மோட்டர் தொடக்கிற அந்த ஸ்ராட்டரோ? ஐயோ, அதுக்கு ஏன் முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறியள்! நான் பயந்துபோனன்."

நோபேட் கோட்டையிலுள்ள பேட்டன்ற் கந்தோரில் பரிசோதகன். யாராவது புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து, அதைச் செய்து விற்கும் உரிமையைத் தன் பேரில் கேட்டால், அது உண்மையிலேயே புதியதுதானா என்று பார்ப்பது அவன் வேலை. ஐறீனின் அண்ணன் வின்சன்ற் துறைமுகத்தில் மின்சார வேலை செய்பவன். மனைவி மாக்ரெட்டுடன் கொட்டாஞ்சேனையில் இருக்கிறான்.

"அது எப்ப குடுத்தது எண்டு தெரியுமோ?" என்று நோபேட் கேட்டான். "சூசையப்பர் திருநாள் முடிஞ்சு அடுத்த கிழமை."

"அதுக்கென்ன?"

"திருநாளண்டு அதைப் பூட்டின சலவை மெஷினைக் கோயில் முற்றத்திலை வைச்சு ஓட்டினவை எல்லோ."

அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. அவன் மெதுவாகச் சொன்னான்.

"விண்ணப்பம் எங்கடை கந்தோருக்கு வாறதுக்கு முதல் ஒரு சாமானைச் சனத்துக்கு முன்னாலை ஓட்டிக் காட்டினால், பிறகு அது சனத்தின்ரை. ஆரும் செய்யலாம், ஆரும் விக்கலாம். ஒருத்தருக்கு மட்டும் உரிமை குடுக்கேலாது. அதுதான் சட்டம்."

"பங்குச் சுவாமி மந்திரிச்சதுக்கும் சட்டத்துக்கும் என்ன?"

"சனம் நிண்டதோ, இல்லையோ?"

"நிண்டது."

"மெஷின் ஓடினதோ?"

"ஓடினது. மச்சாள்தானே ஓட்டினவ." அவளது குரல் இறங்கிவிட்டது. "நாங்களும் நிண்டம்."

"நான் மெழுகுதிரி பிடிச்சுக்கொண்டு நிண்டனான், ஐறீன். தையிலையே அனுப்பு எண்டு அவனுக்குச் சொன்னனான். அனுப்பிப்போட்டான் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சன்."

வின்சன்ற் தை மாதமே எல்லாவற்றையும் எழுதி முடித்து வைத்திருந்தான். மாக்ரெட்தான் விடவில்லை. அவர்களுடைய ஒழுங்கையில் தொழில் செய்கிற ஒவ்வொருவரும் சூசையப்பர் திருநாளன்று தங்கள் சாமான்களைக் கோயில் முற்றத்துக்குக் கொண்டுபோய்ச் சுவாமியின் ஆசீர் வாங்கி மந்திரிப்பார்கள். தச்சன் உளியைக் கொண்டுபோவான், தையற்காரி மெஷினைத் தூக்கிப்போவாள். மந்திரிக்காமல் புதிதாக ஒன்றும் தொடங்குவதில்லை. 'அந்தக் கடுதாசி திருநாளுக்குப் பிறகு போகட்டும்' என்று மாக்ரெட் சொன்னாள். அவள் கேட்டால் வின்சன்ற் மறுக்கமாட்டான். அவளது கைக்கு நடந்ததற்குப் பிறகு அவன் அவளுக்கு ஒன்றும் மறுத்ததில்லை.

கப்பல் அதிகாரிகளின் உடுப்புகளைத் தோய்த்துக் கொடுப்பது மாக்ரெட்டின் தொழில். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை குடும்பத்திடமிருந்து மின்சாரத்தில் ஓடுகிற சலவை மெஷின் ஒன்றை வின்சன்ற் அவளுக்கு வாங்கிக் கொடுத்தான். தொட்டிக்கு மேலே இரண்டு றப்பர் உருளைகள். ஈரத் துணியை இடையில் கொடுத்தால் பிழிந்து தள்ளும். ஒரு மழை நாளில் கறண்ட் நின்றது. துணி உருளைக்குள் பாதியில் சிக்கிக்கொண்டது. மாக்ரெட் சுவிச்சை மறந்து, துணியை இழுக்க வலது கையை உள்ளே விட்டாள். கறண்ட் வந்தது.

பெருவிரலும் உள்ளங்கையில் கொஞ்சமும்தான் மிஞ்சின.

கறண்ட் நின்றால் தானே விழுந்து இணைப்பைத் துண்டித்துவிடுகிற ஸ்ராட்டர்கள் துறைமுகத்துப் பெரிய மோட்டர்களுக்கு முதலே இருந்தன. ஒரு காந்தம் பிடித்துக்கொண்டிருக்கும், கறண்ட் போனால் விட்டுவிடும். திரும்பக் கறண்ட் வந்தாலும் ஆள் வந்து தொடக்கும்வரை மோட்டர் அசையாது. வின்சன்ற் அதைக் கைக்கடக்கமாக, வீட்டு மெஷினுக்கு ஏற்றாற்போலச் செய்தான். அதோடு நிற்கவில்லை. இடது பக்கத்தில் ஒரு லீவர், வலது பக்கத்தில் ஒரு பட்டன், இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் தூரம். இரண்டையும் ஒரே நேரத்தில் அமர்த்தினால்தான் மெஷின் தொடங்கும். தொடக்குகிற ஆளின் இரண்டு கைகளும் உருளைக்கு வெளியே இருந்தே ஆகவேண்டும்.

கோயில் முற்றத்தில் மாக்ரெட் இடது கையால் லீவரைப் பிடித்து, மிஞ்சிய வலது கையின் மணிக்கட்டால் பட்டனை அமர்த்தினாள். மெஷின் உறுமியது. சுவாமி தீர்த்தம் தெளித்தார். சனம் கை தட்டியது. முன்வரிசையில் நின்று எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவன் செபஸ்தியன். மெயின் வீதியில் மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவன். பிறகு வின்சன்றின் தோளில் கை போட்டுக்கொண்டு, "மச்சான், எனக்குத் தா, நான் விக்கிறன். அந்த லீவரை மட்டும் எடுத்துவிடு. பாதி விலைக்குச் செய்யலாம்" என்றான்.

"உரிமை என்ரை பேரிலை வரட்டும் செபஸ்தி. பிறகு இரண்டு கையாலை தொடக்கிற அந்த லீவர் இல்லாமல் ஒருத்தரும் விக்கேலாது. நீ முதல் ஆள்!"

எல்லாரும் சிரித்தார்கள். ஐறீனும் சிரித்தாள்.

இப்போது அவள் புருஷனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"வேறை ஆருக்கு இது தெரியும்?"

"திருநாள் கண்ட சனத்துக்கெல்லாம் தெரியும். ஆனால் சட்டம் தெரியாது. சட்டம் தெரிஞ்சவன் அங்கை நான் ஒருத்தன்தான்."

"உங்களுக்கு அண்ணன் மச்சான் முறை. நீங்கள் இதைப் பாக்கிறது முறையில்லை எண்டு உங்கடை கந்தோர் அலவியிட்டைக் குடுங்கோ. அது சரிதானே? அலவி கோயிலுக்கு வரேல்லை. அவருக்கு ஒண்டும் தெரியாது."

"குடுக்கலாம். குடுக்கத்தான் வேணும். ஆனால் தெரிஞ்சதைச் சொல்லாமல் குடுக்கிறது..."

"சொல்லாதையுங்கோ." அவள் அவன் கையைப் பிடித்தாள். "எனக்காக. அந்தக் கையை நினைச்சுக்கொண்டு செய்த சாமான். அண்ணன் சல்லிக்காகக் கேக்கேல்லை."

நோபேட் குனிந்து சப்பாத்தைக் கழற்றினான். பிறகு "சரி" என்றான். அவன் அவளுக்கு ஒன்றையும் மறுத்து அவள் கண்டதில்லை. அன்று இரவு மீன் பொரியலை அவன் தொடவில்லை.

விண்ணப்பம் அலவியிடம் கைமாறியது, சித்திரை விடுமுறையில் அவர் வீட்டுக்கு வந்தார். நோபேட்டோடு அதே கந்தோரில் வேலை, வாய் நிறையப் பகிடி. வீட்டில் செய்த தொதல் இனிப்பை ஒரு தட்டில் கொண்டு வந்திருந்தார்.

"இந்தாங்க, எங்கட ஊட்டுக்காரி றபீக்கா குடுத்து உட்டது. நோபேட்டுக்குக் குடுக்காதீங்க, அவருக்கு வயிறு பெருத்துப் பெய்த்து." பிறகு கதிரையில் சாய்ந்துகொண்டு, "உங்கட நானா வின்சன்ற்ட ஸ்டாட்டரப் பாத்தேன். நல்ல சாமான். காந்தம் பழசுதான், ஆனா அத ஊட்டு மெஷினுக்குச் சின்னதாச் செஞ்சதும் அந்த ரெண்டு கை வேலயும் ஈக்கிதே, அது எங்கயும் இல்ல. எனக்கே நம்ப ஏலாம ஈக்கிது, கொட்டாஞ்சேனையில ஒரு மனிசன் இத யோசிச்சிருக்காரெண்டு."

"அப்ப கிடைக்குமோ?" என்றாள் ஐறீன். தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஏன் கெடைக்காது? ஒண்டு மட்டும் நான் கேக்கணும், எல்லார்ட்டயும் கேக்கிறது. நோபேட், உங்களுக்குத் தெரியுமே. இதுக்கு முந்தி வெளியில எங்கயாச்சும் ஓட்டிக் காட்டினதா?"

ஐறீன் சர்க்கரைக் கிண்ணத்தைத் திறந்தாள். அதற்குள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரிஞ்சு இல்லை" என்றான் நோபேட்.

"அது போதும். உங்கட வாய்ச்சொல்லுக்கு மேல நான் என்னத்தத் தேடுறது?"

அலவி மேலும் கொஞ்ச நேரம் இருந்து, தன் மகனுக்குச் சுன்னத்துச் செய்தபோது நடந்த கூத்தைச் சொல்லிச் சிரித்தார். நோபேட்டும் சிரித்தான். அவர் போனபின் கோப்பைகளை அவனே எடுத்துப்போய்க் கழுவினான். அதுவரை அவன் அந்த வேலை செய்ததில்லை.

உயிர்த்த ஞாயிறு வந்தது. பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்குகிற நேரத்தில் வாங்குகளிலிருந்து சனம் வரிசை வரிசையாக எழுந்து பீடத்தடிக்குப் போனது. நோபேட் இருந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை. ஐறீன் அவன் முழங்காலைத் தாண்டித் தனியே போய் வாங்கிவிட்டு வந்தாள். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்ததும். உயிர்த்த ஞாயிறை ஒட்டிய பாஸ்குக் காலத்தில் ஒரு கத்தோலிக்கன் நன்மை வாங்காமல் இருந்தால் பக்கத்து வாங்கில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். முன்வீட்டுக் கிளெமென்ற் மாஸ்ரர் கோயில் படியிறங்கும்போது, "என்ன தம்பி, சுகமில்லையோ?" என்று கேட்டார். "ஓம் மாஸ்ரர், கொஞ்சம்" என்றான்.

"சுவாமியிட்டைப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கோவன்" என்று ஐறீன் வீட்டில் சொன்னாள்.

"போய் என்னத்தைச் சொல்ல? சுவாமி கேப்பார், திருத்திப்போட்டியோ எண்டு. திருத்தமாட்டன் எண்டு வைச்சுக்கொண்டு முழந்தாள்படியிட ஏலுமே?"

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். அவன் சாப்பாட்டைக் குறைத்தான். கந்தோரில் அலவியோடு ஒன்றாகச் சாப்பிடுவதை விட்டான். சாப்பாட்டுப் பெட்டி பாதியும் திரும்பி வந்தது. படுக்கையில் அவளுக்கு முதுகு காட்டிப் படுக்கவில்லை. நேரே மல்லாந்து, கண் திறந்து கிடந்தான். அவளுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியிருப்பதைச் சொன்ன அன்று சந்தோஷப்பட்டு அழுதான். அழுதது சந்தோஷத்துக்கு மட்டுமல்ல என்று அவளுக்குத் தெரிந்தது.

அவள் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். வின்சன்ற் பித்தளைத் துண்டொன்றை அரத்தால் ராவிக்கொண்டிருந்தான்.

"வா பிள்ளை! என்ன, பேட்டன்ற் கந்தோர் அம்மா இந்தப் பக்கம்? மாக்ரெட், கதிரையைத் துடைச்சுப்போடு. அரசாங்கம் வந்திருக்கு."

அவள் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னாள். திருநாளை, சட்டத்தை, அலவி கேட்டதை, நோபேட் சொன்ன பொய்யை, அவன் நன்மை வாங்காமல் இருப்பதை எல்லாம் சொன்னாள்.

"அண்ணா, நீயே அலவியிட்டைப் போய்ச் சொல்லு. தெரியாமல் செய்தனாங்கள் எண்டு சொல்லு. நீ சொன்னால் என்ரை அவருக்குப் பழி வராது."

வின்சன்ற் அரத்தை வைத்தான்.

"சொன்னால் உரிமை கிடைக்குமோ?"

"கிடையாது."

"செபஸ்தி லீவரை எடுத்துப்போட்டு விப்பான். அது தெரியுமோ உனக்கு?"

"தெரியும்."

"உன்ரை புருஷன் நன்மை வாங்கிறதுக்கு என்ரை பெண்சாதி மாதிரி இன்னொருத்தி கையைக் குடுக்கவேணுமோ?"

"அண்ணா..."

"அவன் ஒரு நாளைக்குப் பொய் சொன்னவன். அவள் சாகுமட்டும் இடக்கையாலை சோறு தின்னுறாள். போய்க் கேள் அவளிட்டை."

மாக்ரெட் குசினி வாசலில் நின்றாள். "நான்தான் மறிச்சனான்" என்றாள். "திருநாளுக்குப் பிறகு போகட்டும் எண்டு." ஐறீனுக்குத் தேத்தண்ணி போடவும் திரும்பவில்லை. அந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் ஐறீன் திரும்பியது அதுவே முதல் தடவை.

ட்றாம் வண்டியிலும் பிறகு பஸ்ஸிலுமாக வரும் வழியெல்லாம் அண்ணன் சொன்னது சரிதானே என்று அவளுக்குப் பட்டது. காலி வீதியில் இறங்கும்வரை அப்படித்தான் நினைத்திருந்தாள். வீட்டுக்குள் வந்தபோது நோபேட் யன்னலருகே கையில் ஒன்றுமில்லாமல் இருந்தான். ஆறு மாதத்தில் பத்து வயது கூடியவன் போலிருந்தான். அவனைப் பார்த்ததும் அவள் வாயில் வந்தது வேறு.

"அலவியிட்டைச் சொல்லிப்போடுங்கோ."

அவன் நிமிர்ந்தான்.

"அண்ணன் என்ன சொன்னவர்?"

"அண்ணன் சொன்னதைக் கேக்காதையுங்கோ. நான் சொல்லுறன். நான்தான் வேண்டாம் எண்டனான், நான்தான் இப்ப சொல்லுங்கோ எண்டுறன்."

மறுநாள் அவன் சொன்னான். அலவி கத்தவில்லையாம். "நான் கேட்ட நேரமே சொல்லியிருக்கலாமே நோபேட்" என்று மட்டும் சொன்னாராம். பெரிய துரை நோபேட்டை வியாபாரக் குறிகளைப் பதிகிற பகுதிக்கு மாற்றினார். சம்பள உயர்வு நின்றது. வின்சன்றின் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அலவி அதன் பிறகு அவர்கள் வீட்டுக்கு வரவில்லை.

நோபேட் அந்த ஞாயிறு நன்மை வாங்கினான். ஐறீன் அவனுக்குப் பின்னால் நடந்துபோய்த் தானும் வாங்கினாள்.

பெண்பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு வின்சன்றை ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். அவன் வரவில்லை. மாக்ரெட் தனியே வந்தாள். சேலைத் தலைப்பால் வலது கையை மூடிக்கொண்டு கடைசியில் நின்றாள். பிள்ளையை வாங்கச் சொல்லி ஐறீன் நீட்டியபோது, "விழுத்திப்போடுவன்" என்றாள். பிறகு இடது முழங்கையை மடித்துக் காட்டி, "இதிலை வை" என்றாள்.

பிள்ளையைத் தாலாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"செபஸ்தியின்ரை ஸ்ராட்டர் கடையிலை வந்திட்டுது. உன்ரை அண்ணன் ஒண்டை வாங்கிக் கழட்டிப் பாத்தவர்."

"லீவர் இல்லையோ?"

"லீவர் மட்டுமே? காந்தமும் இல்லை. அதுதானே விலைகூடின சாமான். அதுக்குப் பதிலா ஒரு சுருள் வில்லு. கறண்ட் போனால் சில நேரம் விழுதாம், சில நேரம் விழேல்லையாம். வெளியிலை சிவப்பு எழுத்திலை 'பாதுகாப்பு ஸ்ராட்டர்' எண்டு போட்டிருக்கு."

"அண்ணன் செபஸ்தியிட்டைப் போய்க் கேக்கேல்லையோ?"

"கேட்டவர். உன்ரை சாமானோ எண்டு செபஸ்தி திருப்பிக் கேட்டவனாம். பிறகு வாங்கினவையின்ரை வீடுகளுக்குப் போய், சும்மா லீவர் பூட்டித்தாறன், காந்தம் வைச்சுத்தாறன் எண்டு கேட்டுத் திரிஞ்சவர். விசரன் எண்டு நாயை அவிட்டுவிட்டவை. இப்ப போறதில்லை. வேலையாலை வந்து சும்மா இருப்பார். என்னோடையும் கதைக்கிறதில்லை. நான்தானே மறிச்சனான்."

அடுத்த மழைக்காலத்துக்கு முன், ஐறீன் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டில் ஒரு சலவை மெஷின் வந்து இறங்கியது. அது மாணிக்க வியாபாரி மர்ஸூக் ஹாஜியாரின் வீடு. அவருடைய மனைவி நளீபா ஐறீனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பாருங்களே. பட்டன ஒருக்கா அமத்தினா போதும். எங்கட பலீலாக்கு இனிமே இடுப்பு நோவு இல்ல."

பலீலா அந்த வீட்டில் தோய்க்கிறவள், நாற்பது வயது விதவை. மெஷினைத் தொட்டுப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தாள். மெஷினின் பக்கத்தில் அதே சிவப்பு எழுத்து, 'பாதுகாப்பு ஸ்ராட்டர்'.

ஐறீன் எல்லாவற்றையும் சொன்னாள். மாக்ரெட்டின் கையைச் சொன்னாள். கறண்ட் நின்றால் முதலில் சுவிச்சை மூடவேண்டும் என்று பலீலாவுக்கு இரண்டு முறை செய்து காட்டினாள்.

"இதுல பாதுகாப்பெண்டு எழுதித்தானே ஈக்கிது?" என்றாள் நளீபா. "அதுக்குத்தானே கூடச் சல்லி குடுத்து வாங்கின."

மழை தொடங்கியது. மழைக்குக் கறண்ட் அடிக்கடி நின்றது. ஐறீனின் மேசை விசிறி சோர்ந்து நிற்கத் தொடங்கியதும் அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் பிள்ளையோடு எழும்பிப் பின்வளவுக்கு ஓடுவாள். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்க, ஏறி நிற்க ஒரு கல் போட்டு வைத்திருந்தாள்.

"பலீலா! கையை எடுங்கோ!"

"எடுத்திட்டேன் நோனா!" மறுபக்கத்திலிருந்து சிரிப்புக் கேட்கும். "இந்தாங்க, ரெண்டு கையும் ஈக்கிது!"

ஒருநாள் நளீபா முன்வாசலால் வந்தாள். உட்காரவில்லை.

"கோவிச்சுக்கொள்ளாதீங்க ஐறீன். நீங்க இப்பிடிக் கத்துறதுல ஊட்டுல எல்லாரும் பயப்புடுறாங்க. எங்கட ஹாஜியாரு சொல்றாரு, இது நல்ல பழக்கமில்லயாம்."

அந்தக் கிழமையே மெஷினை முன்பக்கத்துக் கராஜுக்கு மாற்றினார்கள். அங்கே கூப்பிட்டால் கேட்காது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நோபேட் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே கனத்த மழை. விசிறி மெதுவாகி நின்றது. ஐறீன் பிள்ளையோடு எழும்பிவிட்டாள். பின்கதவுவரை போய், மெஷின் இப்போது கராஜில் என்று நினைவுவந்து அங்கேயே நின்றாள்.

"இரும் ஐறீன்" என்றான் நோபேட். "நீர் ஒவ்வொரு முறையும் ஓடேலாது."

"அப்ப ஆர் ஓடுறது?"

அவன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து அவளிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டான். இரண்டு பேரும் விசிறியைப் பார்த்தபடி நின்றார்கள். பிள்ளை அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது.

விசிறி ஒருமுறை சிலிர்த்தது. பிறகு சுழலத் தொடங்கியது.

இருவரும் காது கொடுத்துக் கேட்டார்கள். மழைச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. ஐறீன் குடையைத் தேடியெடுத்துக்கொண்டு முன்வாசல் படியில் இறங்கி, ஹாஜியார் வீட்டுக் கராஜை நோக்கி நடந்தாள்.